மே மாதத்து நார்வே: நள்ளிரவில் வெயில், பனிச்சுவருக்குக் கீழே பூந்தோட்டம்… தெரியுமா?

நார்வே என்றதும் நம் மனதில் என்ன வருகிறது? பனி, கும்மிருட்டு, பல்லைக் கிட்டவைக்கும் குளிர்! டிசம்பரில் போனால் அத்தனையும் நிஜம். ஆனால் மே மாதத்தின் பின்பாதியில் போய்ப் பாருங்கள். குளிர்காலம் முழுக்க மலைமேல் சேர்ந்த பனி மளமளவென்று உருகுகிறது. அருவிகள் பொங்கிப் பாய்கின்றன. ஆப்பிள் மரங்கள் பூத்துத் தள்ளுகின்றன. வடக்கே சூரியன் மறைவதையே நிறுத்திக்கொள்கிறது! ஜூலையில் கூட்டத்தோடு கூட்டமாகப் போகிறவர்களுக்கு இதில் பாதிகூடக் கிடைக்காது. வாருங்கள், ஒவ்வோர் அதிசயமாகப் பார்ப்போம்!

நள்ளிரவு 12 மணிக்கு வெயில் அடிக்கும், தெரியுமா?

ஆமாம், நிஜமாகவே! நார்வேயின் வடகோடியில் நூர்காப் என்றொரு முனை இருக்கிறது. கடலிலிருந்து 307 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் பாறை அது. அங்கே மே 14 வாக்கில் மறைவதை நிறுத்தும் சூரியன், ஜூலை 29 வரை அடிவானத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை! அதற்குத் தெற்கே உள்ள ட்ரொம்ஸோ நகரில் இந்தத் திருவிழா மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வரை நடக்கிறது.

எப்படி? பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. கோடையில் வடதுருவம் சூரியன் பக்கம் சாய்ந்து நிற்பதால், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருக்கும் ஊர்கள் பூமி முழுச் சுற்றுச் சுற்றினாலும் வெளிச்சத்தைவிட்டு விலகுவதில்லை.

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மாலை ஆக ஆகச் சூரியன் தாழ்ந்து வருகிறது. மேற்கில் முழுகவில்லை, அப்படியே வடக்குப் பக்கம் நகர்கிறது. நள்ளிரவில் நேர் வடக்கே, கடலுக்குச் சற்று மேலே நிற்கிறது. பிறகு முழுகாமலே கிழக்கு நோக்கி மேலேறத் தொடங்குகிறது! அஸ்தமனமும் உதயமும் ஒன்றாகக் கலந்த அந்தப் பொன்னிற வெளிச்சம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடாது, மணிக்கணக்கில் நீடிக்கும். புகைப்படக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தெற்கே இருக்கும் தலைநகர் ஆஸ்லோவில் நள்ளிரவுச் சூரியன் கிடையாது. ஆனாலும் மே கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு 10 மணி தாண்டிவிடும்!

கிரீன்லாந்துக்கு நேரே இருந்தும் இந்தத் துறைமுகம் உறையாது, தெரியுமா?

ட்ரொம்ஸோ ஏறத்தாழ 69 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அதே அட்சரேகையில் கிரீன்லாந்தில் இலுலிசாட் என்ற ஊர். அங்கே கடலில் மிதப்பவை மலை மலையாகப் பனிப்பாறைகள்! ட்ரொம்ஸோவிலோ நடுக்குளிர்காலத்திலும் கப்பல்கள் போய்வருகின்றன.

காரணம், வெதுவெதுப்பான கடல் நீரோட்டம். மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து கிளம்பும் வெப்ப நீர் அட்லாண்டிக்கைக் கடந்து நார்வேயின் கரையோரமாகவே வடக்கு நோக்கி ஓடுகிறது. தென்மேற்குக் காற்று அந்தச் சூட்டை அள்ளிக் கரைக்குக் கொண்டுவருகிறது. இந்த இரண்டும் இல்லையென்றால் இந்தக் கட்டுரையில் வரும் பூவும் இல்லை, பழமும் இல்லை!

60 டிகிரி வடக்கில் லட்சக்கணக்கான பழமரங்கள் பூக்கின்றன, தெரியுமா?

நார்வேயின் மேற்குக் கரையைப் பனியாறுகள் ஆழமாகச் செதுக்கி வைத்திருக்கின்றன. செதுக்கிய பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்து, மலைகளுக்கிடையே வெகுதூரம் உள்ளே போகிறது. இதைத்தான் ஃபியோர்டு என்கிறோம். அவற்றில் ஹார்டாங்கர் ஃபியோர்டு 179 கிலோமீட்டர் நீளம்! அதன் கரைச் சரிவுகளில் ஆப்பிள், பேரிக்காய், பிளம், செர்ரி என்று எங்கு பார்த்தாலும் பழத்தோட்டம்.

இந்தக் குளிரில் பழத்தோட்டம் போடும் துணிச்சல் யாருக்கு வந்தது? 13-ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த சிஸ்டர்சியன் துறவிகளுக்கு! லோஃப்ட்ஹூஸ் ஊருக்கு மேலே அவர்கள் மலையில் அடுக்கிய கற்படிகள் இன்றும் இருக்கின்றன. மொத்தம் 616 படிகள்; இன்றும் ஏறலாம். இசைமேதை எட்வர்ட் கிரிக் இதே ஊரில் ஒரு சின்னக் குடிலில் உட்கார்ந்துதான் 1877, 78-இல் இசையமைத்தார்.

மே நடுவில் இந்தத் தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். முதலில் செர்ரியும் பிளம்மும் வெள்ளை வெளேரென்று பூக்கின்றன. பேரி அடுத்தது. கடைசியில்தான் ஆப்பிள். ஆப்பிளின் மொட்டு அடர் இளஞ்சிவப்பு. விரிய விரிய நிறம் கரைந்து, உள்ளே தூய வெள்ளை! ஒரே கொத்தில் நடுப்பூ வெள்ளையாக விரிந்திருக்கும், சுற்றியுள்ள மொட்டுகள் இன்னும் சிவந்திருக்கும். இதழுக்குள் தேனீ. காலடியில் மஞ்சள் டான்டிலியன் பூக்கள். நிமிர்ந்தால் நீலத் தண்ணீர். அதற்கு மேலே பனி மூடிய மலை! பூக்கும் வரிசையிலும் ஒரு நேர்த்தி: தண்ணீரை ஒட்டிய மரங்கள் முதலில், மேலே உள்ளவை பிறகு. அதனால் ஒரு வாரம் தாமதமாகப் போனாலும் சற்று மேலே ஏறினால் பூ கிடைத்துவிடும்!

இவ்வளவு வடக்கே இது எப்படி முடிகிறது? உறையாத ஃபியோர்டுத் தண்ணீர் இரவுக் குளிரைத் தணிக்கிறது. மலைகள் காற்றைத் தடுக்கின்றன. நீண்ட பகல் வெளிச்சத்தை வாரி வழங்குகிறது. இங்கே விளையும் ஆப்பிளில் செய்யும் சைடர் பானத்துக்கு 2009-இல் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பும் கிடைத்திருக்கிறது.

காலையில் பனிச்சறுக்கு, மாலையில் பூந்தோட்டம்… ஒரே நாளில் முடியும், தெரியுமா?

ஹார்டாங்கர் தோட்டங்களுக்கு நேர் மேலே ஃபோல்கெஃபோன்னா என்ற பெரும் பனியாறு படுத்திருக்கிறது. அதன்மேல் கோடைக்காலப் பனிச்சறுக்கு மையம் ஒன்று இயங்குகிறது; வழக்கமாக மே மாதத்தில் திறக்கிறார்கள். காலையில் மேலே சறுக்கிவிட்டு, வண்டியில் கீழே இறங்கினால் பூத்த மரத்தடியில் உட்காரலாம்!

சோக்னெஃபியெல் மலைச்சாலை இன்னொரு பிரமிப்பு. அதன் உச்சி 1,434 மீட்டர். வட ஐரோப்பாவின் மிக உயரமான மலைக்கணவாய்ச் சாலை இதுதான். குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும் இந்தச் சாலையில் வசந்தத்தில் இயந்திரங்கள் பனியை அறுத்து வழி திறக்கின்றன. மே மாதத்தில் போனால் இருபுறமும் பேருந்தைவிட உயரமான பனிச்சுவர்! நடுவே கறுப்பாகத் தார்ச்சாலை, மேலே பட்டையாக நீல வானம்!

ஒரு மணி நேர ரயிலில் குளிர்காலத்திலிருந்து வசந்தத்துக்கு இறங்கலாம், தெரியுமா?

மிர்டால் என்ற மலை நிலையத்திலிருந்து ஃப்ளோம் என்ற ஃபியோர்டுக்கரை ஊருக்கு ஒரு ரயில் போகிறது. நீளம் 20 கிலோமீட்டர்தான். அதற்குள் 866 மீட்டர் இறங்குகிறது! 20 சுரங்கங்கள், அவற்றில் 18 கையால் குடைந்தவை. மே மாதத்தில் ஏறும் இடத்தில் பனி. இறங்கும் இடத்தில் பசும்புல். நடுவில் ஷோஸ்ஃபாஸ் அருவிக்கு எதிரே ரயிலை நிறுத்திப் பயணிகளை இறங்கிப் பார்க்கவிடுகிறார்கள். பனி உருகும் காலத்தில் மேடையில் நிற்பவர்கள் சாரலில் நனைந்துபோவார்கள்!

ஆஸ்லோ–பெர்கன் ரயில் பாதையில் 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்ஸ என்ற நிலையம். அங்கே போகக் கார்ச்சாலையே கிடையாது! அதன் அருகிலுள்ள பனியாற்றில்தான் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1980-இல் வந்த படத்தின் பனிக்கிரகக் காட்சிகளை எடுத்தார்கள்.

ஏழு சகோதரிகளை ஒன்றாகப் பார்க்க மே, ஜூன்தான் நேரம், தெரியுமா?

கெய்ராங்கர் ஃபியோர்டில் ஒரே பாறைமுகட்டிலிருந்து அடுத்தடுத்து ஏழு அருவிகள் விழுகின்றன. ‘ஏழு சகோதரிகள்’ என்று பெயர். அவற்றில் நெடியது 250 மீட்டர்! எதிர்க்கரையில் தனியாக ஓர் அருவி. அதற்கு ‘பெண் கேட்டு வந்தவன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பனி உருகும் காலத்தில் ஏழு பேரும் வெள்ளிச்சரமாக இறங்குவார்கள். கோடை முடிவில் போனால் மூன்று நான்கு பேர்தான் தெரிவார்கள். இதற்காகவே மே கடைசியைத் தேர்ந்தெடுக்கலாம்!

ஸ்டெய்ன்ஸ்டால்ஸ்ஃபாஸ் அருவியில் தண்ணீருக்குப் பின்னால் நனையாமல் நடந்து போகலாம். லோட்டெஃபாஸ் இன்னும் ஆச்சரியம். இரண்டு அருவிகள் 165 மீட்டர் உயரத்திலிருந்து தனித்தனியே பாய்ந்து, கீழே ஒன்றோடொன்று மோதி, ஆறு வளைவுள்ள பழைய கல்பாலத்துக்கு அடியில் சீறிக்கொண்டு ஓடுகின்றன. அந்தப் பாலத்தின் மேல்தான் நெடுஞ்சாலை! மே மாதத்தில் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வைப்பரைப் போட்டுக்கொண்டுதான் கடக்கவேண்டும். மழையே இல்லாத நாளில் முழு நனையல்!

182 மீட்டர் வோரிங்ஸ்ஃபாஸ் அருவிக்கு மேலே பள்ளத்தின் குறுக்காக 99 படிகள் கொண்ட பாலம் 2020-இல் திறக்கப்பட்டது. படியில் நின்று குனிந்தால் காலுக்குக் கீழே அருவி!

இந்தத் தண்ணீர் வெறும் அழகுக்கு மட்டுமல்ல. நார்வேயின் மின்சாரத்தில் சுமார் 90 சதவீதம் நீர்மின்சாரம். இப்போது உருகும் பனிதான் அணைகளை நிரப்பி, அடுத்த குளிர்காலத்தில் வீடுகளுக்கு விளக்கேற்றுகிறது.

பாறை விளிம்பில் வாழ்ந்த குடும்பங்கள், தெரியுமா?

அதே கெய்ராங்கரில் தண்ணீருக்கு 250 மீட்டர் மேலே, பாறை விளிம்பில் ஸ்காகெஃப்லோ என்ற பண்ணை தொங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக ஆடு வளர்த்தார்கள்! குழந்தைகள் உருண்டு விழாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டி வைப்பார்களாம். வரி வாங்க ஆள் வந்தால் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்கள் என்றும் உள்ளூரில் ஒரு கதை உண்டு. 1916-இல் கடைசிக் குடும்பமும் இறங்கிவிட்டது. 1993-இல் மன்னர் ஹரால்டும் அரசி சோன்யாவும் தங்கள் வெள்ளிவிழாத் திருமண நாளைக் கொண்டாட இந்தப் பண்ணைக்குத்தான் ஏறிவந்தார்கள்!

நவீன வானிலைக் கணிப்பு பிறந்தது ஒரு மழை ஊரில், தெரியுமா?

அந்த ஊர் பெர்கன். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 2006 அக்டோபர் 29 முதல் 2007 ஜனவரி 21 வரை 85 நாள் விடாமல் மழை பெய்த ஊர்! ஆனால் பயப்படவேண்டாம்: ஆண்டிலேயே மழை குறைந்த மாதங்களில் மே ஒன்று.

1917-இல் வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் என்ற அறிவியலாளர் இங்கே வந்து சேர்ந்தார். முதல் உலகப்போர் நேரம். வெளிநாட்டு வானிலைத் தகவல்கள் கிடைக்காமல் போய்விட்டன. அவர் அசரவில்லை. மேற்குக் கரை நெடுக வானத்தைப் பார்த்துச் சொல்ல ஆட்களை நியமித்தார். அப்படிக் குவிந்த தகவல்களிலிருந்துதான் குளிர்ந்த காற்றுத் திரளும் வெப்பக் காற்றுத் திரளும் சந்திக்கும் எல்லைகள், அங்கே புயல்கள் உருவாகும் விதம் எல்லாம் புலப்பட்டன. இன்று உலகம் முழுவதும் வானிலை வரைபடத்தில் வரும் நீலக் கோடும் சிவப்புக் கோடும் பெர்கனின் கொடை!

இன்னொன்று கேளுங்கள். இந்த மேற்கு மலைகளைத் தாண்டி உள்ளே போனால் ஷோக் என்ற பள்ளத்தாக்கு. மழைமேகம் எல்லாம் மலைக்கு அந்தப்பக்கமே கொட்டித் தீர்த்துவிடுவதால், இங்கே ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை! அந்தக் காலத்திலேயே மலைப்பனி நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பயிர் செய்திருக்கிறார்கள்.

தேசிய நாளின் நாயகர்கள் படைவீரர்கள் அல்ல, பிள்ளைகள்தான், தெரியுமா?

1814 மே 17 அன்று எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் 112 பேர் கூடி நார்வேயின் அரசியல் சாசனத்தை நிறைவேற்றினார்கள். இன்றும் நடைமுறையில் இருக்கும் உலகின் மிகப் பழைய எழுத்துச் சாசனங்களில் அது ஒன்று. அந்த நாளைக் கொண்டாடுவது எப்படித் தெரியுமா? ஊருக்கு ஊர் பள்ளிப் பிள்ளைகள் கொடியசைத்துக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள்! ஆஸ்லோவில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் பிள்ளைகள் வாத்திய இசையோடு அரண்மனையைக் கடக்க, அரச குடும்பம் மாடத்தில் நின்று மணிக்கணக்கில் கையசைக்கிறது.

பெரியவர்கள் அணிவது ‘பூனாட்’ என்ற பாரம்பரிய உடை. கம்பளித் துணி, கைத்தையல் பூவேலை, நெஞ்சில் வெள்ளிப் பதக்கங்கள். வட்டாரத்துக்கு ஒரு நிறம், ஒரு வேலைப்பாடு. உடையைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்! பிள்ளைகளுக்கு அன்று ஐஸ்கிரீமுக்குத் தடையே கிடையாது. 1940 முதல் 45 வரை ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இந்த விழா தடைசெய்யப்பட்டிருந்தது. 1945 மே 8-இல் நாடு விடுதலை பெற்றது. ஒன்பதே நாளில் மே 17! அன்றைய கொண்டாட்டம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

உப்பே போடாத கருவாடு, தெரியுமா?

வட நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் மே மாதம் போனால் கடலோரம் நெடுக மரச்சட்டங்கள். அவற்றில் ஆயிரக்கணக்கில் காட் மீன்கள், வாலோடு வால் கட்டி, இரண்டிரண்டாகத் தொங்குகின்றன. நம் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். இதற்கு உப்பே வேண்டாம், குளிர்காற்று போதும்! பிப்ரவரி முதல் மே வரை அங்கே வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. அதிகக் குளிரானால் மீன் உறைந்து கெட்டுப்போகும், சூடானால் ஈ மொய்க்கும். இரண்டுக்கும் நடுவே இயற்கை போட்டுவைத்த கணக்கு இது! காய்ந்த மீன் கட்டைபோல இறுகி, ஆண்டுக்கணக்கில் கெடாது. உடல் பெரும்பாலும் இத்தாலிக்கு, தலை நைஜீரியாவுக்கு!

இத்தாலியர்களுக்கு இந்த ருசி எப்படிப் பழகியது? வெனிஸ் வணிகர் பியெட்ரோ குவெரினி கப்பல் உடைந்து, 1432 ஜனவரியில் இங்குள்ள ரோஸ்ட் தீவு மீனவர்களால் காப்பாற்றப்பட்டார். மாதக்கணக்கில் அவர்கள் வீட்டுச் சாப்பாடு. மே மாதம் ஊருக்குக் கிளம்பும்போது கையில் உலர்ந்த மீன்!

வட நார்வேயின் மீன் தொழிலில் தமிழர் உழைப்பும் கலந்திருக்கிறது. 1980-களிலும் 90-களிலும் இலங்கைத் தமிழர்கள் பலர் வடகோடி ஃபின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்து குடும்பங்களை நிமிர்த்தினார்கள்.

கலைமான்கள் கடற்படைப் படகில் போயிருக்கின்றன, தெரியுமா?

வடக்கே வாழும் ‘சாமி’ எனப்படும் பழங்குடி மக்கள் தங்கள் கலைமான் மந்தைகளை வசந்தத்தில் உள்நாட்டிலிருந்து கடற்கரை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகிறார்கள். மே மாதம் குட்டி போடும் காலம். நூர்காப் இருக்கும் மாகெரோயா தீவுக்குப் போகும் மான்களைக் கடற்படையின் தரையிறங்கு படகுகளில் ஏற்றி அக்கரை சேர்த்திருக்கிறார்கள்! இலையுதிர்காலத்தில் கொழுத்துத் தெம்பான மான்கள் சுமார் 1.8 கிலோமீட்டர் கடலை நீந்தியே திரும்பிவிடும்.

எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம், தெரியுமா?

1957-இல் வந்த சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. பயிர் செய்யாத நிலத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், கூடாரம் போடலாம். வீடுகளிலிருந்து 150 மீட்டராவது தள்ளியிருக்கவேண்டும். இரண்டு இரவுக்கு மேல் தங்கினால் நிலச் சொந்தக்காரரைக் கேட்கவேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டக்கூடாது. முக்கிய விதிகள் இவைதான்!

கிளம்புமுன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்

மே கடைசியில் ஆஸ்லோவில் பகலில் 15 முதல் 18 டிகிரி இருக்கும். இரவில் 7 டிகிரிக்கு இறங்கும். ட்ரொம்ஸோவில் பகலிலேயே 10 டிகிரி எட்டுவது கஷ்டம், பனித்தூறலும் வரலாம். தடித்த ஒரே கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றும் மெல்லிய உடைகள் நல்லது. மேலே தண்ணீர் புகாத சட்டை கட்டாயம். வெளிச்சத்தில் தூங்கக் கண்மறைப்பும், பனியில் நடக்கக் குளிர்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மே 17-இல் கடைகள் மூடியிருக்கும். முந்தைய நாளே வாங்கி வையுங்கள். 604 மீட்டர் உயரப் பிரெய்கெஸ்டோலன் பாறைக்கு இந்த மாதம் ஏறலாம். புகழ்பெற்ற ட்ரோல்டுங்கா பாறைப் பாதையில் ஜூன் வரை பனி கிடக்கும்; வழிகாட்டி இல்லாமல் முயலவேண்டாம். மலைச்சாலைகள் திறக்கும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். புறப்படும் நாளன்று சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஷெங்கன் விசாதான் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

நார்வேக்கு ஒரே ஒரு முறைதான் போகமுடியும் என்றால், ஜூலை வேண்டாம். மே 15 முதல் 31 வரையுள்ள நாட்களைத் தேர்ந்தெடுங்கள். தெற்கே பூவையும் அருவியையும் பார்த்துவிட்டு, கடைசி நாட்களை வடக்கே நள்ளிரவுச் சூரியனுக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். பூமி சாய்ந்து சுற்றுகிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, இரவு 12 மணிக்கு வெயிலில் நின்று புரிந்துகொள்வது வேறு!